கல்லுச் சாப்பாட்டுக்குப் போன மச்சான்

கல்லு மச்சான், இந்தப் பேரைச் சொல்லி உங்களைக் கூப்பிட என் ஒருத்தியைத் தவிர உலகத்தில் வேறு ஆளில்லை என்றுதான் அதை வைத்த நாள் முதலாக நினைத்திருந்தேன். நீங்கள் அதையும் அங்கே கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறீர்கள்.

மச்சானைக் கூப்பிட்டுத் தொடங்கினாலும், வட்டத்தில் உள்ள உங்கள் எல்லாருக்கும்தான் இதை எழுதுகிறேன். புவிச்சரிதவியல் வட்டம் என்பது அதன் முழுப் பேர். என் வாய்க்கு அது வராது. மாதம் ஒருமுறை கூடி, எந்தக் கரையில் எந்த மண் கிடக்கிறது, எந்தக் காட்டில் என்ன கல் கிடக்கிறது என்று பேசி, பகல் சாப்பாடு சாப்பிட்டுக் கலைகிற கூட்டம் என்பதால் நான் அதைக் கல்லுச் சாப்பாடு என்றுதான் சொல்லுவேன். உங்கள் செயலாளர் சாந்தினி மிஸ் மண்டூருக்கு எங்கள் வீடு தேடி வந்து, மச்சானின் நினைவு மலரில் போட நானும் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று கேட்டார். என் மனதில் எரிச்சல்தான் கிடக்கிறது, எழுதினால் அதுதான் வரும் என்று சொன்னேன். "அதையே எழுதுங்க அக்கா" என்றார்.

அன்று இரண்டாம் சனிக்கிழமை. முற்றத்தில் நெல் காயப்போட்டுக் காகம் விரட்டிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. சாப்பாட்டுக் கடை ரகுமான் காக்கா. காத்தான்குடிக்காரர், அண்ணனைக் காக்கா என்கிற ஊர். அவருடைய கடையின் மேல்மாடியில்தான் நீங்கள் கூடுவது. அவர் அதற்கு முன் ஒருநாளும் எனக்கு எடுத்துப் பேசினதில்லை.

"தங்கச்சி, பக்கத்தில ஆராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"பக்கத்தில இருக்க வேண்டிய ஆள் உங்கட கடைக்குத்தானே வந்தவர்" என்றேன்.

"தங்கச்சி, முதல்ல குந்துங்க" என்றார். எனக்கு விளங்கிவிட்டது. பிறகு அவர் சொன்னதெல்லாம் அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது. மச்சான் பேசி முடித்தாராம். எல்லாரும் கை தட்டினார்களாம். கதிரையில் இருந்து தண்ணீர் கேட்டாராம். தண்ணீர் வருவதற்குள் சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பலனில்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாவியைக் கடக்கிற படகில், நாங்கள் பாதை என்று சொல்வதில், ஏறிக் குருமண்வெளிக்கு வந்து பஸ் பிடித்தேன். வாவியில் அன்று காற்றே இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. கடைசிப் பேச்சையும் உங்களுக்குத்தான் தந்துவிட்டுப் போயிருக்கிறார், கடைசியாகத் தண்ணீர் கேட்டதும் உங்களிடம்தான் என்ற எண்ணம் வந்தது. அது வந்த பிறகு மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

ஆஸ்பத்திரி வாசலில் ரகுமான் காக்கா அவருடைய சாக்குப் பையைத் தந்தார். உள்ளே கண்ணாடி இருந்தது. நூலில் கட்டிய காந்தத் துண்டு இருந்தது. என்னுடைய பழைய அரிக்கன் சட்டி இருந்தது. சோறு கட்டுகிற லஞ்ச் சீற்றில் மடித்த வட்டிலப்ப இனிப்பு ஒரு துண்டும் இருந்தது.

மச்சான் சேவையில் இருந்த காலத்தை உங்களில் சிலர் மட்டும்தான் அறிவீர்கள். மண்ணில் கனியம் என்கிற தாது தேடுகிற கம்பனிக் கோஷ்டிகளுக்கு அவர் சுப்பவைசராக இருந்தார். வாகரைப் பக்கக் கரையில் கூடாரம் போட்டு, கையால் திருகுகிற துளைக்கோலைக் கடற்கரை நெடுக இறக்கி, வந்த மண்ணைப் பைகளில் கட்டி அனுப்புவது வேலை. போனால் மாதக் கணக்கு. வந்தால் காற்சட்டை மடிப்பில் எல்லாம் மணல். பாயை உதறினால் மணல். குழந்தை தவழ்ந்தால் முழங்காலில் மணல்.

கலியாணம் முடித்த முதல் பொங்கலுக்குச் சேலை கொண்டு வருவார் என்று பார்த்திருந்தேன். பொட்டலம் ஒன்று கொண்டுவந்து மடியில் வைத்தார். கனமாக இருந்தது. பிரித்தால் சிவப்பு மணல். கண்ணாடி வளையல் நொறுக்கினது போல வெயிலில் மினுங்கியது.

"என்ன இது?"

"கார்னெட் மண் புள்ள. வடிவா இல்லையா?"

"இதை நான் உடுக்கிறதா, குடிக்கிறதா, கல்லு மச்சான்?" என்று கேட்டேன்.

அவருக்கு அந்தப் பேர் பிடித்துவிட்டது. கோபத்தில் வைத்த பேர் பிறகு செல்லமாகிவிட்டது. ஆள் இருக்கும் இடத்தில் கூப்பிட மாட்டேன். எங்கள் இரண்டு பேருக்குள் அது இருந்தது.

அவர் பொல்லாத ஆளில்லை. கை நீட்டினவரில்லை. குடித்துவிட்டு வந்து விழுந்தவருமில்லை. ஆனால் வீட்டில் பேச மாட்டார். "சோறு", "ஓம்", "பாதைக்கு நேரமாச்சு" என்று அளந்துதான் வரும். கடுதாசியை விரித்து, மண்ணைக் கொட்டி, காந்தத்தைக் கடுதாசிக்குக் கீழே ஓட்டி, கறுப்பு மண் எறும்பு போல ஊருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் குறுக்கே போய் நின்றாலும் காலைச் சுற்றிப் பார்ப்பார். இவருக்குப் பேச்சே இவ்வளவுதான், சில பேர் அப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு இருந்துவிட்டேன். அப்படி நினைத்திருந்தவரையில் எனக்கு ஒரு குறையுமில்லை.

அரிக்கன் சட்டியின் கதையையும் சொல்ல வேண்டும். வீட்டில் சமைக்கிறவர்களுக்குத் தெரியும், உள்ளே வரி வரியாக விழுந்த சட்டி அது. அரிசியைத் தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டி ஊற்றினால் அரிசி மற்றச் சட்டிக்குப் போய்விடும். கல் அடியில் அந்த வரிகளில் தங்கிவிடும். என் அம்மா எனக்குத் தந்த சட்டி. ஒருநாள் உலை கொதிக்கிறது, சட்டியைக் காணவில்லை. கிணற்றடியில் போய்ப் பார்த்தால் மச்சான் அதில் கடற்கரை மண்ணைப் போட்டு ஆட்டிக்கொண்டிருக்கிறார். வெள்ளை மண் தண்ணீரோடு போகிறது. கறுப்பு மண் வரியில் தங்குகிறது. முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டும்போதுகூட அவருக்கு அந்த முகம் வந்ததில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. "நாங்க கல்லை எறிஞ்சு போட்டு அரிசியை எடுக்கிறம். நீங்க கல்லை வைச்சுக்கொண்டு மத்த எல்லாத்தையும் ஊத்திறீங்க" என்று சொன்னேன். சட்டியைப் பற்றி மட்டும் சொன்னதில்லை அது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தேன். கேட்டிருந்தாலும் பரவாயில்லை என்றும் நினைத்தேன். பிறகு அந்தச் சட்டியில் நான் அரிசி அரிக்கவில்லை. எவ்வளவு தேய்த்தாலும் வரிகளுக்குள் இருந்த கறுப்பு போகவில்லை. அதைத்தான் அவர் பிற்காலத்தில் சாக்குப் பையில் போட்டு மாதா மாதம் உங்களிடம் கொண்டுவந்தது.

ஓய்வு பெற்றால் வீட்டோடு இருப்பார் என்று காத்திருந்தேன். மகள் கட்டாருக்குப் போன பிறகு வீடு வெறுமையாகக் கிடந்தது. ஆள் வந்து சேர்ந்த கொஞ்ச நாளிலேயே வட்டம் வந்துவிட்டது. இரண்டாம் சனிக்கிழமை விடிந்தால் அவர் நடக்கிற நடையே வேறு. தான் போடுகிற சேட்டைத் தானே இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவார். தலைக்கு எண்ணெய் வைத்து வகிடு எடுப்பார். என்னோடு கோயில் திருவிழாவுக்கு வரும்போது சீப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கிற மனிதர் அவர்.

அந்தச் சனிக்கிழமைகளில் நான் அடுப்பு மூட்டுவதில்லை. அங்கே அவர் புரியாணி சாப்பிடட்டும், நான் பழஞ்சோறு சாப்பிடுகிறேன் என்று ஒரு வைராக்கியம். அதை அவரிடம் சொன்னதுமில்லை. சொல்லாத வைராக்கியம் ஆருக்கும் தெரியாமல் பச்சைமிளகாயோடு வயிற்றுக்குள் போய்விடும்.

பின்னேரம் திரும்பி வருவார். வாசல் படலையடிக்கு வரும்வரை முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். யன்னலால் பார்த்திருக்கிறேன். தனக்குள் சிரித்துக்கொண்டுதான் வருவார். படலையைச் சாத்தும்போது அதையும் சேர்த்துச் சாத்திவிட்டு உள்ளே வருவார்.

"என்ன, இண்டைக்கு நல்ல கூட்டமா?"

"ஓம்."

"என்ன கதைச்சீங்க?"

"மண்ணைப் பத்தித்தான்."

"வேற விசேசம்?"

"ஒண்டுமில்ல."

பிறகு சாக்குப் பைக்குள் இருந்து வட்டிலப்பத் துண்டை எடுத்து அடுப்படித் தட்டில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போவார். ஒருமுறையாவது தவறினதில்லை. நல்லாயிருக்கா என்று அவர் கேட்டதில்லை. நல்லாயிருக்கு என்று நான் சொன்னதுமில்லை.

சாந்தினி மிஸ்ஸைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். எழுதச் சொன்னதே அவர்தானே. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். மாதக் கடைசியில் ஒரு நாள் தவறாமல் போன் வரும். மச்சான் கைபேசியை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விடுவார். அங்கே நின்று சிரிப்பார். வயிறு குலுங்கச் சிரிப்பார். நான் அவரோடு வாழ்ந்த காலமெல்லாம் சேர்த்தாலும் அந்தச் சிரிப்பில் பாதி என் பங்குக்கு வராது. அந்த மிஸ்ஸுக்கு நான் மனதில் ஒரு முகம் செய்து வைத்திருந்தேன். நீண்ட பின்னல், மெல்லிய இடுப்பு, மல்லிகைப் பூ எல்லாம் வைத்திருந்தேன். செத்த வீட்டுக்கு வந்தபோதுதான் பார்த்தேன். தலை நரைத்து, கட்டையாக, பெரிய சப்பாத்துப் போட்ட ஒரு பொம்பிளை. எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. இத்தனை வருசம் பட்ட எரிச்சலுக்கு இவ்வளவுதானா என்று இருந்தது.

ஆனால் அன்று முற்றத்தில் நீங்கள் எல்லாரும் கூட்டமாக நின்றீர்களே, அதைப் பார்த்தபோது எரிச்சல் திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்தீர்கள். "எங்கட சுப்பவைசர்" என்றீர்கள். "அவர்ட வாய்க்கு நாங்க எப்பிடிச் சிரிச்சிருப்பம்" என்றீர்கள். "அவர் கதைச்சா சோறு ஆறிப் போறதும் தெரியாது" என்றீர்கள். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். எந்த மனிதரைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று கேட்க வாய் வந்தது. நான் வைத்திருந்தது பேசாத ஆள். பேசுகிற ஆளை நீங்கள் வைத்திருந்திருக்கிறீர்கள்.

அந்தியேட்டிக் கிரியை முடிந்து வந்த இரண்டாம் சனிக்கிழமை, அவருடைய நினைவாக நடக்கிற சாப்பாட்டுக்கு நானும் வரவேண்டும் என்று அழைத்தீர்கள். வரக்கூடாது என்றுதான் இருந்தேன். எனக்குத் தராமல் உங்களுக்குத் தந்ததை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான் என்னை இழுத்து வந்தது. சாக்குப் பையையும் தூக்கிக்கொண்டு வந்தேன். அதை ஏன் தூக்கினேன் என்று எனக்கே தெரியாது.

மேல்மாடி யன்னலால் வாவி தெரிந்தது. அவருடைய கதிரையை ஆரும் இருக்காமல் விட்டிருந்தீர்கள். சோறு வந்தது. ஒருவரும் கை வைக்கவில்லை. ஒரு சின்ன வெள்ளைப் பீரிசுத் தட்டில் மண் போட்டு மேசையைச் சுற்றி அனுப்பினீர்கள். இது உங்கள் வழக்கம் என்று மிஸ் காதுக்குள் சொன்னார். பேச வருகிறவர் கொண்டுவந்த மண்ணோ கல்லோ கை மாறிக் கை மாறிப் போகும். ஒவ்வொருவரும் அது என்ன, எந்த ஊருடையது என்று ஊகம் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவருக்குத்தான் முதல் அகப்பைச் சோறு. நீங்கள் ஒவ்வொருவரும் ஏதேதோ சொன்னீர்கள். பீரிசு என் கைக்கு வந்தது. கறுப்பு மண். ஒரு சிட்டிகை எடுத்து விரலால் உரசிப் பார்த்தேன்.

"இது எங்கட வீட்டுச் சட்டியில கிடக்கிற மண்" என்றேன்.

எல்லாரும் சிரித்தீர்கள். கண்ணீரோடு சிரித்தீர்கள். நீர்ப்பாசனத்தில் இருந்து ஓய்வு பெற்ற இஞ்சினியர் ஐயா மேசையில் தட்டி, "அவவேதான். சுப்பவைசர்ட கதையில வாற அதே மனிசிதான்" என்றார். அகப்பையை எடுத்து எனக்கு முதல் சோறு போட்டார்.

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னேன். அது அவர் தன் கையால் கடைசியாகக் கட்டிய பையில் இருந்த வாகரை மண்ணாம். அந்த மண்தான் சட்டியிலும் கிடந்தது. ஆனால் 'கதையில வாற மனிசி' என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது.

அது என்ன கதை என்று கேட்டேன். அதற்குப் பிறகு உங்களை நிறுத்த முடியவில்லை. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்கினீர்கள். மச்சான் எழும்பினாலே பெண்சாதி பேச்சை எடுத்து, "என்ட மனிசி சொல்லுவா" என்றுதான் தொடங்குவாராம். கடற்கரை நெடுகக் குழி துளைத்து, ஒன்றும் கிடைக்காமல் மூடிவிட்டு வந்த கதையைச் சொல்லும்போது, "கிண்டினதையே திரும்ப மூடுறதுக்கு ஆரு, கல்லு மச்சான், உங்களுக்குச் சம்பளம் தாறது?" என்று மனிசி கேட்டாவாம். அதற்கு இவர், "ஒண்டுமில்லை எண்டு தெரியிறதும் ஒரு கண்டுபிடிப்புத்தான் புள்ள" என்றாராம். அதை நீங்கள் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறீர்கள். நானும் பார்த்தேன். குழியை மூடுகிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் எப்படிக் கேட்டிருப்பேன்? எனக்கு வீட்டில் கிடைத்தது அவருடைய பதிலின் முதல் சொல்லான அந்த 'ஒண்டுமில்ல' மட்டும்தான்.

இஞ்சினியர் ஐயா தன்னுடைய கதையைத் தானே சொன்னார். ஒருமுறை பீரிசில் வைத்த கறுப்பு மண்ணை மிளகுத்தூள் என்று நினைத்து முட்டைப் பொரியலில் தூவி இரண்டு வாய் மென்றும்விட்டார். பல் ஒன்று உடைந்துவிட்டது. கொழும்பில் இருந்து அந்த மண்ணைக் கொண்டு பேச வந்தவர் பதறிப்போனார். அடுத்த மாதம் மச்சான் எழும்பி, இதை வீட்டில் சொன்னதாகவும், "ஐயாட பல்லுப் போனாப் போகட்டும், மண்ணைத் திருப்பி எடுத்தாச்சா?" என்று மனிசி கேட்டதாகவும் சொன்னாராம். நீங்கள் சிரித்த சிரிப்பில் கீழே கடையில் இருந்தவர்கள் மேலே வந்து பார்த்தார்களாம். அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அன்று அவர் படலைக்கு வெளியே நின்று சிரித்து முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். என்ன விசேசம் என்று கேட்டேன். ஒண்டுமில்ல என்றார்.

இன்னொன்றும் சொன்னீர்கள். அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது. கரையில் மண் அள்ளுவதைப் பற்றிப் பேச வந்த கம்பனிக்காரர் ஒருவரிடம் மச்சான் எழும்பி, "என்ட மனிசி ஒரு கேள்வி கேக்கச் சொன்னவ. மண்ணை அள்ளினாப் பொறகு கடல் எவடத்தில நிக்கும்?" என்று கேட்டாராம். வந்தவர் நல்ல கேள்வி என்று சொல்லி, படம் கீறி, நெடுநேரம் விளக்கினாராம். கடைசியில், "வீட்டில போய் அம்மாவுக்குச் சொல்லுங்க" என்றும் சொன்னாராம். எனக்கென்று ஒருவர் மெனக்கெட்டு அனுப்பிய பதில் அது. குருமண்வெளியில் பாதை ஏறியும் எனக்கு வந்து சேரவில்லை.

மச்சானை மாமரத்தடியில் போனில் சிரிக்க வைத்த மிஸ்ஸில் இருந்த எரிச்சல் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அந்த மனிசியில்தான் இப்போது எரிச்சல். நல்ல வாய்க்காரி. டக்கென்று சொல்கிறவள். அவளிடம் மச்சான் குழியைப் பற்றிச் சொல்கிறார், பல்லைப் பற்றிச் சொல்கிறார், கடலைப் பற்றிக் கேட்கிறார். மாதா மாதம் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் உங்களுக்கெல்லாம் காட்டுகிறார். நான் வீட்டில் பழஞ்சோறு தின்றுகொண்டு இருந்திருக்கிறேன்.

அந்த நேரம் மிஸ் எழும்பி, வழக்கமாக மச்சான் தொடங்குகிற வார்த்தையோடு சாப்பாட்டை முடிக்கலாம் என்றார். ஆர் பேச வந்தாலும் முதலில் மச்சான் சட்டியில் ஒரு பிடி மண்ணைப் போட்டு ஆட்டிக் காட்டி ஒன்று சொல்லுவாராம். நீங்கள் எல்லாரும் சேர்ந்து பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது போலச் சொன்னீர்கள்.

"என்ட மனிசி சொல்லுவா, நாங்க கல்லை எறிஞ்சு போட்டு அரிசியை எடுக்கிறம், நீங்க கல்லை வைச்சுக்கொண்டு மத்த எல்லாத்தையும் ஊத்திறீங்க."

இது நான் சொன்னது. இது மட்டும் நான் சொன்னது. ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கிணற்றடியில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்த மனிதருக்குக் கேட்டிருக்கிறது. கேட்டதை இத்தனை காலம் வைத்திருந்திருக்கிறார். அதை நான் என்ன எரிச்சலில் சொன்னேன் என்று அவருக்கு விளங்கியிருக்குமோ, பகிடி என்று எடுத்துக்கொண்டாரோ, எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பகிடி என்றுதான் சிரித்தீர்கள்.

கை கழுவப் போன இடத்தில் மிஸ் பின்னால் வந்தார். என் முகத்தைப் பார்த்து ஏதோ விளங்கிக்கொண்டார்.

"அக்கா, தான் கேக்கப் பயமான கேள்வியெல்லாம் அவர் உங்கட பேரிலதான் கேப்பார். கம்பனிச் சோறு திண்ட வாய், நான் கேட்டா நல்லாயிருக்காது எண்டு சொல்லுவார்."

"நான் ஒண்டும் கேக்கல்ல மிஸ். அந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரியவே தெரியா."

மிஸ் குழாயைப் பூட்டினார். "எங்களுக்கு அவரை விட உங்களைத்தான் கூடத் தெரியும் எண்டு நினைச்சிருந்தம்" என்றார்.

அவர் கூடாத நோக்கத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அது என்னைச் சும்மா விடவில்லை. உங்களுக்குத் தெரிந்தவள் நானில்லை என்று அவரிடம் சொல்லவும் எனக்கு விருப்பம் வரவில்லை. அவளை எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் அவள் என்னுடைய பேரில்தானே அங்கே இருந்தாள்.

நான் புறப்பட எழும்பியபோது ரகுமான் காக்கா வட்டிலப்பத் துண்டு ஒன்றை மடித்துக் கையில் தந்தார். "சுப்பவைசர் பேச எழும்பிறதுக்கு முதல் இதை எடுத்துப் பைக்குள்ள வைச்சிருவார் தங்கச்சி. பேசக்குள்ள இவனுகள் திண்டு முடிச்சிருவானுகள், மனிசிக்கு வேணும் எண்டு சொல்லுவார்" என்றார். அந்த மனிசி நான்தான். வட்டிலப்பம் எனக்குத்தான் வந்தது. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

மிஸ் அந்தச் சட்டியைக் கேட்டார். மேல்மாடியில் கண்ணாடி அலுமாரிக்குள் அவருடைய படத்தோடு வைக்க வேண்டுமாம். நான் பையைத் திறந்து காட்டினேன். எல்லாரும் தொட்டுப் பார்த்தீர்கள். பிறகு பையைக் கட்டிவிட்டேன்.

"தரமாட்டன் மிஸ். பேச்செல்லாம் உங்கட்டயே இருக்கட்டும். இது எனக்கு வேணும்."

மிஸ் தலையாட்டினார். ஒருவரும் வற்புறுத்தவில்லை. அதற்கு நன்றி.

சட்டி இப்போது அடுப்படித் தட்டில் இருக்கிறது. வரிகளில் கறுப்பு மண் இன்னும் இருக்கிறது. அதைத் தேய்க்கிற எண்ணம் எனக்கு இல்லை. காந்தத்தை அதற்குள் போட்டு வைத்திருக்கிறேன். நெல் குற்றுகிற நேரம் அதிர்ந்தால் காந்தத்தில் கொஞ்சம் மண் வந்து ஒட்டிக்கொள்கிறது. துடைத்து மறுபடி சட்டிக்குள் போட்டுவிடுவேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்தச் சட்டியும், கிணற்றடியில் நான் சொன்னது அவருக்குக் கேட்டது என்பதும்தான். இரண்டையும் ஒருவருக்கும் கொடுக்க மாட்டேன்.

இந்த மாதமும் ரகுமான் காக்கா பாதைக்காரரிடம் வட்டிலப்பம் கொடுத்து அனுப்பியிருந்தார். அடுப்படியில் இருந்து தின்றேன். நல்லாயிருக்கு மச்சான், நல்ல இனிப்பு. இதை மறக்காம எனக்கெண்டு மடிச்சுக் கொண்டு வந்தீங்களே, அந்த மனிசியோட கதைச்ச கதையில ஒண்டையாவது ஏன் எனக்குக் கொண்டு வரல்ல?